ஒட்டோ கியர் காரில் கிளச் ஒயில் ஏன் இல்லை, அதற்குப் பதிலாக எதைப் பராமரிக்க வேண்டும்: முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் நான் நடத்தும் சிறிய கராஜுக்கு ஒட்டோ கியர் கார் கொண்டுவருபவர்களில் பலர், எஞ்சின் ஒயில் மாற்றச் சொன்ன கையோடு, “கிளச் ஒயிலையும் ஒருக்காப் பாத்துவிடுங்கோ அண்ணை” என்பார்கள். மனுவல் கியர் வாகனத்தில் பல ஆண்டுகள் ஓடிப் பழகியவர்களுக்கு இது இயல்பான கேள்வி. அதற்குப் பதில் தெரியாத ஒருவர் போனற்றைத் திறந்து, கண்ணில் பட்ட குடுவைக்குள் கையில் கிடைத்த ஒயிலை ஊற்றும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

வேறோர் இடத்தில் சேவிஸ் முடித்து எடுத்துவரப்பட்ட ஒரு காரில், பிரேக் ஒயில் குடுவைக்குள் சிவப்பு நிறக் கியர் ஒயில் ஊற்றப்பட்டிருந்தது. அதன் ரப்பர் சீல்கள் அனைத்தும் ஊதிப்போய், பிரேக் பிடித்தால் விடாத நிலையில் இருந்தன. மாஸ்டர் சிலிண்டர் முதல் சில்லுகளுக்குச் செல்லும் ரப்பர் குழாய்கள் வரை மாற்ற வேண்டி வந்தது. கீழே உள்ள படிகளை அவற்றின் வரிசையிலேயே செய்யும்படி நான் வற்புறுத்துவதற்கு இதுபோன்ற சம்பவங்களே காரணம்.

1. கிளச் எங்கே போயிற்று என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

மனுவல் காரில் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் எஞ்சினையும் கியர்பெட்டியையும் பிரிக்க வேண்டும். பிரிப்பது ஓட்டுநரின் இடது கால். கிளச் தட்டை அழுத்திப் பிடித்திருக்கும் வில் மிகவும் வலியது என்பதால், பெடலின் கீழுள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒயிலை அமுக்கி, அந்த அமுக்கம் குழாய் வழியே கியர்பெட்டியருகே உள்ள சிலேவ் சிலிண்டருக்குச் சென்று, அங்கிருந்து கிளச் விடுபடுகிறது. அதில் இருப்பது பிரேக் ஒயில்தான். சில சிறிய கார்களில் இந்த வேலையை ஒரு கம்பி வடமே செய்துவிடும்.

டோர்க் கன்வேட்டர் உள்ள ஒட்டோ கியரில் காலால் பிரிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அந்தக் கன்வேட்டருக்குள் எஞ்சினோடு சுழலும் ஒரு சக்கரம் ஒயிலை எதிரேயுள்ள மற்றொரு சக்கரத்தின் மீது வீசி அதைச் சுழற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அந்த வீச்சு பலவீனமாக இருப்பதால், பிரேக்கை மிதித்தபடி கார் டி-யில் நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. மனுவல் காரில் கால் விட்டுக்கொடுக்கும் நெகிழ்வை இங்கே ஒயில் கொடுக்கிறது.

ஆகவே இல்லாமற்போனவை பெடல், மாஸ்டர் சிலிண்டர், குழாய், சிலேவ் சிலிண்டர் ஆகிய நான்குமே. கிளச் தட்டுகள் அடுக்கடுக்காகக் கியர்பெட்டிக்குள் இருக்கின்றன. கியர்பெட்டியின் சொந்தப் பம்ப் உண்டாக்கும் அமுக்கம், வால்வுகள் வழியே அந்தத் தட்டுகளை நெருக்கியும் விட்டும் கியரை மாற்றுகிறது. அந்த ஒரே ஒயில்தான் சக்தியைக் கடத்துகிறது, தட்டுகளை நெருக்குகிறது, பற்சக்கரங்களுக்கு மசகாகிறது, வெப்பத்தையும் வெளியே கொண்டுசெல்கிறது. மனுவல் கியர்பெட்டியில் பழைய ஒயில் பல்லைத் தேய்ப்பதோடு நிற்கும். இங்கே பழைய ஒயில் கியர் மாறும் செயலையே கெடுத்துவிடும்.

புதிதாகப் பழக வருபவர்கள் தடுமாறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரிக் கார் மனுவலாகவும் ஒட்டோவாகவும் வந்திருந்தால், ஒட்டோ காரின் பிரேக் குடுவையில் குழாய் பூட்டப்படாமல் அடைத்துவிடப்பட்ட ஒரு சிறிய முனையைக் காணலாம். எஞ்சின் அறையின் பின்சுவரில் மூடியிட்ட ஒரு துளையும் இருக்கலாம். அவை மனுவல் காருக்கான கிளச் பொருத்தும் இடங்கள். எதுவும் கழன்று விழுந்துவிடவில்லை; அவற்றைத் தொட வேண்டாம்.

2. உங்கள் கார் எந்த வகை என்று கண்டறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவரே பெரிய செலவைத் தேடிக்கொள்கிறார். இரண்டு பெடல் உள்ள கார்கள் எல்லாவற்றையும் நாம் “ஒட்டோ” என்றாலும், எங்கள் வீதிகளில் ஓடுபவற்றுக்குள் குறைந்தது ஐந்து வகை உண்டு.

முதலாவது, மேலே விளக்கிய டோர்க் கன்வேட்டரும் படிமுறைக் கியர்களும் உள்ள வகை. பழைய கொரோலாக்களும் பெரும்பாலான பெரிய வாகனங்களும் இதில் அடங்கும். இதற்கு ஏ.ரி.எவ் எனப்படும் ஒட்டோ கியர் ஒயில்.

இரண்டாவது சி.வி.ரி. விட்ஸ், வகன் ஆர் ஸ்ரிங்ரே, நிசான் கார்கள் பலவற்றில் இது உண்டு. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் உருக்குப் பட்டி ஓடுகிறது. பட்டியும் கப்பியும் வழுக்காமல் உலோகத்தோடு உலோகம் பிடித்து ஓட வேண்டியிருப்பதால், அதன் ஒயில் முற்றிலும் வேறு. சாதாரண ஏ.ரி.எவ் ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியின் முகத்தைக் கீறிவிடும். அதன்பின் கியர்பெட்டியை மாற்றுவதைத் தவிர வேறு வழி அநேகமாக இராது.

மூன்றாவது, அக்குவா, பிரியஸ் போன்ற டொயோட்டா ஹைபிரிட் கார்கள். இவற்றில் டோர்க் கன்வேட்டரும் இல்லை, பட்டியும் இல்லை. இரண்டு மின்மோட்டார்களும் கோள்முறைப் பற்சக்கரத் தொகுதி ஒன்றுமே வேலையைச் செய்கின்றன. இதை இ-சி.வி.ரி என்று அழைப்பதால், பெயரில் சி.வி.ரி இருப்பதைப் பார்த்து இதற்குள் சி.வி.ரி ஒயில் ஊற்றுவோர் உண்டு. இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு டொயோட்டா குறிப்பிடுவது டபிள்யூ.எஸ் வகை ஏ.ரி.எவ்.

நான்காவதும் ஐந்தாவதும் இந்த வழிகாட்டியின் தலைப்புக்கே விதிவிலக்கானவை. அல்டோ, செலேரியோ போன்றவற்றில் ஏ.ஜி.எஸ் என்ற எழுத்துகளோடு வரும் வகை, உண்மையில் மனுவல் கியர்பெட்டிதான். கிளச்சை மிதிப்பதற்குக் காலுக்குப் பதிலாக மின்பம்பும் ஒயில் அமுக்கமும் சேர்ந்த ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கும். அதற்குத் தனி ஒயில் குடுவையும் உண்டு. கியர் லீவரில் பி என்ற நிலையே இல்லாமல் ஆர், என், டி, எம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. 2013இல் வெளிவந்த ஹொண்டா பிட் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் உண்டு. அதிலும் கிளச்சை இயக்குவதற்கென்றே தனியான ஒயில் அமுக்கத் தொகுதி இருக்கிறது. இந்த இரு வகைகளின் உரிமையாளர் கிளச் ஒயிலைப் பற்றிக் கேட்டால் அவர் சரியாகவே கேட்கிறார். ஆனால் ஒயில் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுப்பதற்கும் கிளச்சின் நிலையைக் கணினிக்குப் புதிதாகக் கற்பிப்பதற்கும் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கானர் கருவி தேவைப்படுவதால், அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.

வகையை உறுதிப்படுத்த உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள். கையேடு இல்லாவிட்டால், டொயோட்டாவில் எஞ்சின் அறையிலோ கதவருகிலோ உள்ள தகட்டில் கியர்பெட்டியின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்கப்பட்ட கார்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் ஒயிலின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும்; அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பாகக் கடைக்குக் கொண்டுபோங்கள். “எல்லாத்துக்கும் இது ஒத்துவரும்” என்று தரப்படும் போத்தலை வாங்குவதை விட, உரிய ஒயில் வரும்வரை ஒரு வாரம் காத்திருப்பது மலிவு.

3. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

சமதரையான இடம் முதலாவது. எங்கள் வளவுகளில் மழைநீர் ஓடுவதற்காகச் சரிவு வைத்திருப்பதால், ஒரு நீர்மட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கார் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒயிலளவு பொய் சொல்லும்.

உரிய ஒயில், வடிக்கும் ஆணிக்குப் புதிய வொஷர்கள், அளவு குறித்த ஒரு வாளி, நீண்ட ஒடுங்கிய புனல், ஜக்கோடு சேர்த்து ஸ்ராண்ட்கள், டோர்க் ரெஞ்ச் ஆகியவற்றை அருகில் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே படுக்க வேண்டாம். மணல்தரையில் அது சரியும். துடைப்பதற்குப் பஞ்சு பறக்காத துணி வேண்டும். சாரத் துண்டு நூல் விடும்; அந்த நூல் கியர்பெட்டியின் வால்வுக்குள் போய்ச் சிக்கினால் கியர் மாறுவது குழம்பும்.

4. ஒயிலின் அளவைப் பாருங்கள்

மாற்றுவதற்கு முன் அளவைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதிய ஒயில் ஊற்றினால் அதுவும் நிலத்துக்கே போகும்.

ஒயில் கம்பி உள்ள கார் என்றால், பதினைந்து இருபது நிமிடம் ஓடி கியர்பெட்டியைச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்திக் கடைசிவரை கொண்டுசென்று மீண்டும் பி-க்கு வாருங்கள். இதனால் உள்ளேயுள்ள ஒவ்வொரு வாய்க்காலும் ஒயிலால் நிரம்பும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் மட்டும் எஞ்சினை அணைத்து உடனேயே பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் ஹொண்டாவுக்கு ஒரு லீற்றர் கூடுதலாக ஊற்றியவர்களைக் கண்டிருக்கிறேன்.

கம்பியில் சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனிக் கோடுகள் இருந்தால், சூட்டுக் கோட்டையே நம்புங்கள். ஒயில் சூட்டில் விரிவதால், குளிர்ந்த நிலையில் மேற்கோடு வரை நிரப்பியவரின் கார் மாங்குளம் போய்ச் சேருமுன்னரே அளவு மிஞ்சிவிடும். மிஞ்சிய ஒயிலைச் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கும். நுரைக்குள் இருப்பது காற்று. காற்று அமுங்குமே தவிரத் தட்டுகளை நெருக்காது. ஆகவே கூடுதலாக ஊற்றுவதும் குறைவாக ஊற்றுவதும் ஒரே நோயைத்தான் உண்டாக்கும். கியர் வழுக்கும்.

கம்பி இல்லாத கார்களில் கீழே ஒரு சோதனைத் துளை இருக்கும். உரிய வெப்பநிலையில் அதைத் திறந்தால் மிகுதி ஒயில் வழிந்து, பின்னர் துளித்துளியாகச் சொட்டும்போது மூட வேண்டும். டொயோட்டாவின் பல மாதிரிகளில் அந்த வெப்பநிலை 35 முதல் 45 பாகை செல்சியஸ் வரையில் இருக்கும். எங்கள் சித்திரை வெயிலில் நின்ற கார் எஞ்சினை இயக்குமுன்னரே அந்த அளவை நெருங்கிவிடும் என்பதால், இதைக் காலையில், ஸ்கானரில் வெப்பநிலையைப் பார்த்தபடி செய்யுங்கள்.

5. ஒயிலின் நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள்

ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். நல்ல ஏ.ரி.எவ் தெளிந்த சிவப்பு, சி.வி.ரி ஒயில் பச்சையாகவோ மஞ்சளாகவோ கூட இருக்கலாம் என்பதால் புதிய ஒயிலோடு ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும். பழுப்பானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, கருகிய மணம் வந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. அந்த நிலையில் ஒயில் மாற்றுவதால் தட்டு திரும்ப வளராது. இதை வேலையைத் தொடங்குமுன்னரே உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால், பின்னர் கியர் நின்றதற்கு நீங்களே காரணம் ஆகிவிடுவீர்கள்.

பால்தேநீர் நிறத்தில் கலங்கி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் காரை ஓட்ட வேண்டாம். 8ஆவது, 9ஆவது பகுதிகளைப் பாருங்கள்.

6. ஒயிலை மாற்றுங்கள்

முதலில் ஊற்றும் துளையின் ஆணியைத் திறவுங்கள். அது திறந்த பின்னரே வடிக்கும் ஆணியைத் தொடுங்கள். ஊற்றும் ஆணி துருப்பிடித்து இறுகியிருப்பதை, கீழே எல்லா ஒயிலையும் வடித்த பிறகு கண்டுபிடித்தால், கார் அதே இடத்தில் நிற்க வேண்டியதுதான். நான் பழக்கும் ஒவ்வொரு தம்பியும் இந்தத் தவறை ஒரு தடவையாவது செய்யப் பார்க்கிறான்.

ஒயில் இளஞ்சூடாக இருக்கும்போது வடியுங்கள். வடிந்ததை வாளியில் ஆறவிட்டு அளந்து, அதே அளவைத் திருப்பி ஊற்றுங்கள். சூடாக அளந்தால் விரிந்த அளவே தெரியும். அடித்தட்டைக் கழற்றக்கூடிய கார் என்றால், உள்ளிருக்கும் காந்தங்களையும் வடிகட்டியையும் பாருங்கள். காந்தத்தில் சாம்பல்நிறக் களிம்பு படிந்திருப்பது வழமையான தேய்மானம். கையில் குத்தும் துகள்கள் இருந்தால் ஏதோ உடைகிறது.

டோர்க் கன்வேட்டருக்குள் நிற்கும் ஒயில் கீழே வராது. மொத்தத்தில் ஏறத்தாழ 40 வீதமே வடியும். 40 வீதம் வடியும் காரில் ஒரு முறை மாற்றினால் 60 வீதம் பழைய ஒயில் எஞ்சும். சில நூறு கிலோமீற்றர் ஓடி மீண்டும் மாற்றினால் 36 வீதம். மூன்றாம் முறை மாற்றினால் ஏறத்தாழ 22 வீதம். நீண்டகாலம் கவனிக்கப்படாத காருக்கு இந்த வழியையே நான் விரும்புகிறேன். இயந்திரம் பூட்டி முழுவதையும் ஒரே மூச்சில் தள்ளிக் கழுவினால், அடியில் படிந்திருந்த அழுக்கு கிளம்பி வால்வுகளை அடைக்கக்கூடும்.

கால இடைவெளியைக் கையேடு சொல்லும். அது சாதாரணப் பாவனைக்கும் கடும் பாவனைக்கும் வெவ்வேறாக இருந்தால், வன்னியில் ஓடும் காரைக் கடும் பாவனைக்குள்ளேயே வையுங்கள். வெப்பம், கிரவல் வீதியில் மெதுவான ஓட்டம், நெல்மூட்டையும் குடும்பமுமாக ஏற்றும் பாரம் ஆகிய மூன்றும் இங்கே சேர்கின்றன. நான் 40,000 கிலோமீற்றரைத் தாண்ட விடுவதில்லை.

7. பிரேக் ஒயிலை மறக்க வேண்டாம்

ஒட்டோ காரில் காலால் அமுக்கப்படும் ஒயில் இது ஒன்றுதான். கிளச் இல்லாததால் குடுவையைத் திறந்து பார்ப்பவரும் குறைவு. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கும். டொட் 4 வகைக்கு அவை 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகிப் பெடல் உள்ளே போய்விடும். எஞ்சினின் இழுவையால் வேகம் குறைவதும் ஒட்டோ காரில் சற்றுக் குறைவு என்பதால் பிரேக்குக்கு வேலை அதிகம்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். மூடியில் எழுதியுள்ள வகையையே, சீல் உடைக்காத புதிய போத்தலிலிருந்து ஊற்றுங்கள். காற்று எடுக்கும் வரிசையைக் கையேட்டில் பாருங்கள்; பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லு முதலில் வரும், எங்கள் வலப்பக்க ஸ்ரியறிங் கார்களில் அது பின் இடது சில்லு. ஹைபிரிட் கார்களின் பிரேக் அமுக்கத்தைக் கணினி கட்டுப்படுத்துவதால், அவற்றுக்கு ஸ்கானர் உள்ள இடத்தை நாடுங்கள்.

8. ரேடியேற்றரும் கியர்பெட்டியும் ஒன்றையொன்று சார்ந்தவை

பல ஒட்டோ கார்களில் கியர் ஒயிலைக் குளிரூட்டும் குழாய் ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது. அந்தக் குழாய் அரித்துத் துளைவிட்டால் கூலன்ட் கியர்பெட்டிக்குள் போகும். தட்டுகளில் ஒட்டியுள்ள உராய்வுப் படை ஊறிக் கழன்றுவிடும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் கண்டிருப்போம். அதே படிவு ரேடியேற்றருக்குள்ளும் உண்டாகி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. ஆகவே கிணற்று நீரை ஊற்றாமல், கலந்து விற்கப்படும் கூலன்டையோ வடித்த நீரில் கலந்த கூலன்டையோ ஊற்றுங்கள். ரேடியேற்றரின் முன்புறத் தகடுகளில் ஒட்டும் பூச்சியையும் புழுதியையும் மெதுவான நீரால் கழுவுங்கள். அழுத்தம் கூடினால் தகடுகள் மடிந்துவிடும். ஹைபிரிட் கார்களில் பின் இருக்கையருகே பற்றரிக்குக் காற்று போகும் துவாரமும் உண்டு. கிரவல் வீதியில் ஓடும் அக்குவாவுக்கு அதையும் ஒவ்வொரு சேவிஸிலும் தூசி தட்டுங்கள்.

9. வெள்ளமும் கயிறும்

கார்த்திகை மார்கழியில் வட்டுவாகல் பாலம் போன்ற தாழ்ந்த இடங்களில் வெள்ளம் ஏறும்போது ஓட்டிப் போவோர் இருக்கிறார்கள். சூடான கியர்பெட்டி திடீரெனக் குளிர்ந்தால் உள்ளேயுள்ள காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே வெளியே உள்ளதை உறிஞ்சும். அப்போது வெளியே இருப்பது தண்ணீர். அப்படிப் போய்வந்தால் அடுத்த நாளே 5ஆம் பகுதியிற் சொன்னபடி ஒயிலைப் பாருங்கள். கலங்கியிருந்தால் எஞ்சினை இயக்காமல் காரைக் கராஜுக்கு ஏற்றுங்கள்.

நின்றுபோன காரை உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுப்பது இங்கே வழமை. மனுவல் காருக்கு அது பொருந்தும். ஒட்டோ கியரில் எஞ்சின் ஓடாவிட்டால் ஒயில் பம்பும் ஓடாது. சில்லுகள் சுழல, உள்ளேயுள்ள பாகங்கள் மசகின்றித் தேயும். ஹைபிரிட்டில் மோட்டார் சுழன்று மின்னையும் உண்டாக்கும். முன்சில்லால் இயங்கும் கார் என்றால் முன்சில்லுகளைத் தூக்கி இழுங்கள். நான்கு சில்லாலும் இயங்குவது என்றால் முழுக் காரையும் லொறியில் ஏற்றுங்கள். இதே காரணத்தால் தள்ளி ஸ்ராட் செய்வதும் நடக்காது. ஆகவே பற்றரியைச் சோதிப்பதையும், பூஸ்ரர் வயர் ஒரு சோடி வைத்திருப்பதையும் ஒட்டோ காரின் சேவிஸில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. வேலை முடிந்த பின்

பி-யிலிருந்து லீவர் அசையாவிட்டால், கியர்பெட்டியைத் திறக்குமுன் பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெடலருகே உள்ள சிறிய சுவிட்ச் பழுதானால் விளக்கும் எரியாது, லீவரும் விடுபடாது. சில்லுக்குப் போகும் தண்டின் ரப்பர் உறைகளிலும் கிழிசல் உண்டா என்று கையால் தடவிப் பாருங்கள்.

பின்னர் டி-யிலும் ஆர்-இலும் போட்டு, கியர் விழ எத்தனை விநாடி எடுக்கிறது என்று கவனியுங்கள். ஓரிரு விநாடிக்கு மேல் தாமதித்தால் அளவை மீண்டும் பாருங்கள். பரந்தன் வரை ஓடித் திரும்பி, இரவு முழுவதும் காரின் கீழே ஒரு பழைய கடதாசி மட்டையை விரித்து வையுங்கள். காலையில் மட்டை காய்ந்திருந்தால், ஒயிலின் பெயரையும் அளவையும் கிலோமீற்றரையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிப் போனற்றின் உட்புறம் ஒட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.